ஏணி இருக்கும் வரையில்

சாகசப் படங்களைப் பற்றி எனக்கு ஒரு பழைய குறை உண்டு. கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டுகிற படத்தை மட்டும் ஒட்டி வைத்துக்கொண்டு, பெண் பார்த்தது, ஜாதகம் பொருத்தியது, சீர் பேசித் தகராறு வந்தது, மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தது எல்லாவற்றையும் விட்டுவிட்டால் எப்படி இருக்கும்? சாகசப் படங்கள் அப்படித்தான் இருக்கின்றன. குதிக்கிற கணத்தை வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரித்து எறிந்துவிடுகின்றன. கல்யாணத்தில் கதை இருப்பது தாலி கட்டுகிற நிமிஷத்தில் அல்ல என்பது கதை எழுதுகிற எவனுக்கும் தெரியும். அந்த நிமிஷத்தில் எல்லாம் முடிந்துபோகிறது. அதற்கு முன்னால், 'வேண்டாம்' என்று யாராவது ஒருவர் சொல்லிவிடக்கூடிய சந்தர்ப்பம் இருக்கிற வரையில்தான் கதை.

இதை இப்போது சொல்லக் காரணம், உலகம் முழுவதும் கோடிக்கணக்கானவர்கள் கைபேசியில் பார்த்து மகிழ்கிற ஒரு வகைச் சின்னஞ்சிறு படங்கள். கைக்கும் இடுப்புக்கும் நடுவிலும், இரண்டு கால்களுக்கு நடுவிலும் துணியை இணைத்துத் தைத்த ஓர் உடை. 'விங்சூட்' என்கிறார்கள், நாம் சிறகு உடை என்று வைத்துக்கொள்ளலாம். அதை மாட்டிக்கொண்டு மலை முகட்டிலிருந்தோ, வானத்தைத் தொடுகிற டெலிவிஷன் கோபுரத்தின் நுனியிலிருந்தோ ஓர் ஆள் பாய்கிறான். தலைக்கவசத்தில் காமிரா. பாறை பக்கத்தில் ஓடுகிறது, மரம் ஓடுகிறது, பின்னணியில் சங்கீதம் அதிர்கிறது, பாராசூட் விரிகிறது. படம் முடிந்துவிட்டது. நம் மனத்தில் எஞ்சுவது 'அடேயப்பா' என்கிற ஒரு சொல். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதனைப் புரிந்துகொள்ள முடியுமா? அவன் பெயர்கூட நமக்கு நினைவிருப்பதில்லை.

இந்தப் போக்கை மனத்தில் வைத்துக்கொண்டு மூன்று படங்களை அடுத்தடுத்துப் பார்த்தேன். ஒன்று, 1912-இல் பாரிஸ் நகரத்தில் எடுத்த செய்திப் படம். சில நிமிஷங்களில் முடிந்துவிடுவது. இரண்டாவது, 1969-இல் வெளிவந்த 'தி ஜிப்ஸி மாத்ஸ்' என்ற ஹாலிவுட் கதைப் படம். மூன்றாவது, 2014-இல் வெளிவந்த 'ஸன்ஷைன் சூப்பர்மேன்' என்ற வாழ்க்கைச் சித்திரம். மூன்றும் மூன்று ஜாதி. ஆனால் உயரத்தின் விளிம்பில் நிற்கிற மனிதனால் இறங்கி வந்துவிட முடியுமா, முடியாதா என்ற கேள்வி மூன்றிலும் இருக்கிறது. அந்தக் கேள்வியை எந்தப் படம் எவ்வளவு நேர்மையாக எதிர்கொள்கிறது என்பதை வைத்துத்தான் நான் இவற்றை எடை போட விரும்புகிறேன்.

விஷயம் தெரியாமல் எடை போடக் கூடாது. கோபுரத்திலிருந்து குதிக்கத் தயாராவது என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

அமெரிக்காவில் வடக்கு டகோடா மாகாணத்தில், பிளான்சர்ட் என்ற சிற்றூருக்கு அருகே கே.வி.எல்.ஒய். டெலிவிஷன் நிலையத்தின் கோபுரம் நிற்கிறது. 1963-இல் எழுப்பினார்கள். அப்போது அதன் உயரம் 2,063 அடி. 2019-இல் உச்சியில் இருந்த ஆன்டெனாவை மாற்றியதில் கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் ஏறக்குறைய 2,000 அடி இருக்கிறது. இப்படிப்பட்ட கோபுரங்கள் தம் காலில் தாமே நிற்பவை அல்ல. தெருவில் மின்சாரக் கம்பத்துக்கு ஸ்டே கம்பி இழுத்துக் கட்டுகிறார்களே, அதைப்போல் பல திசைகளிலும், பல மட்டங்களிலும் இரும்பு வடங்களை இழுத்துக் கட்டியிருப்பதால்தான் நிற்கின்றன. போலந்தில் 1974-இல் எழுப்பிய ரேடியோ கோபுரம் 2,120 அடி உயரம். அது நின்ற காலம் வரைக்கும் உலகத்திலேயே உயரமான அமைப்பு அதுதான். 1991 ஆகஸ்ட் 8-ஆம் தேதி, வடங்களை மாற்றுகிற வேலை நடந்துகொண்டிருந்தபோது அது சரிந்து விழுந்தது. கோபுரத்துக்கு உயிர் அந்த வடத்தில் இருக்கிறது. குதிக்கிறவனுக்கோ யமன் அதே வடத்தில் இருக்கிறான்.

ஆகவே அவன் முதலில் கற்க வேண்டியது காற்றை. தரையில் அடிப்பது ஒரு காற்று, நடு உயரத்தில் ஒரு காற்று, உச்சியில் வேறொரு காற்று. கோபுரத்தை விட்டு அவனை அப்பால் தள்ளுகிற காற்றாக, அதுவும் இரண்டு வட வரிசைகளுக்கு நடுவில் கொண்டுபோகிற காற்றாக அது இருக்க வேண்டும். பாராசூட் விரிகிறபோது ஒரு குலுக்கலில் திசை மாறி, கோபுரத்தைப் பார்த்தே அவனைத் திருப்பிவிடுவதும் உண்டு. சாதாரண உடையில் இருப்பவன் கையைத் தூக்கிப் பட்டையைப் பிடித்துத் திருப்பிக்கொள்வான். சிறகு உடைக்காரனின் கைகளோ துணிக்குள் இருக்கின்றன. அவற்றை விடுவித்துக்கொண்ட பிறகுதான் பட்டை கைக்குக் கிடைக்கும். அதற்கு ஆகிற ஒன்றிரண்டு விநாடிகள் அங்கே ஓர் ஆயுள்.

விமானத்திலிருந்து குதிக்கிறவனுக்கு ஓர் உபகாரம் உண்டு. விமானத்தின் வேகமே அவனுடைய சிறகில் காற்றை ஊட்டிவிடுகிறது. கோபுரத்திலிருந்து குதிக்கிறவனுக்கு அந்த உபகாரம் இல்லை. முதல் சில விநாடிகள் அவன் சிறகு சிறகல்ல, வெறும் துணி. வீழ்ச்சியின் வேகம் ஏறி, துணியில் காற்று நிரம்பி, உடம்பு கீழே போவதை விட்டு முன்னே போகத் தொடங்குகிற வரையில் அவன் ஒரு கல்லைப்போல்தான் விழுகிறான். அதனால்தான் சின்னக் கோபுரங்கள் அவனுக்கு உதவுவதில்லை. இன்னொன்று: விமானத்திலிருந்து குதிக்கிறவன் முதுகில் இரண்டு பாராசூட்டுகள் இருக்கும். இவனிடம் ஒன்றுதான். முதலாவது ஏமாற்றினால் இரண்டாவதை விரிக்க அவகாசம் எங்கே இருக்கிறது? ஆகவே அந்த ஒன்றை மடித்து வைப்பதே ஒரு தவம். கயிறுகளை ஒவ்வொன்றாக நீவி, துணியை மடிப்பு மடிப்பாக அடுக்கி, காற்றை வெளியேற்றி, அவசரமே இல்லாமல் செய்ய வேண்டிய வேலை அது.

அமெரிக்கப் பாராசூட் சங்கம், விமானத்திலிருந்து 200 தடவை குதித்த பிறகே சிறகு உடையைத் தொடலாம் என்று விதித்திருக்கிறது. அப்படிச் சிறகில் பழகுவது ஒரு படிப்பு. சிறகில்லாமல் பாலங்களிலிருந்தும் பாறைகளிலிருந்தும் குதித்துப் பழகுவது இன்னொரு படிப்பு. இரண்டும் தனித்தனியாகக் கைவந்த பிறகுதான் ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். இடையில் கோபுரத்துக்கென்றே உள்ள தொல்லைகள்: மணிக்கணக்கில் ஏணி ஏற வேண்டும். உச்சியில் வேலை செய்துகொண்டிருக்கும் ஆன்டெனா வீசுகிற அலைகள் கண்ணுக்குத் தெரியாமல் உடம்பைச் சுட்டுவிடக்கூடியவை. கோபுரத்துக்குச் சொந்தக்காரர்கள் அனுமதி கொடுப்பது அபூர்வம். ஆகவே பெரும்பாலும் இருட்டில், திருட்டுத்தனமாக ஏறுகிறார்கள்.

இத்தனை ஆயத்தங்களுக்கும் தலையானது ஒன்று இருக்கிறது. உச்சிக்குப் போய் நின்ற பிறகு, காற்று பிடிக்கவில்லையென்றால், வந்த ஏணியிலேயே இறங்கி வந்துவிடுவது. கை கால் நோக ஏறிய அத்தனை படிகளையும் மறுபடி எண்ணிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மனிதனாகத் தரையில் வந்து நிற்பது. இந்த வித்தையில் தேறியவர்கள் மிகவும் மதிப்பது இதைத்தான். எந்தப் படமும் காட்டாததும் இதைத்தான். ஏணி இருக்கும் வரையில் அவன் ஒரு கதையின் பாத்திரம். அவனுக்கு மனம் உண்டு, மனம் மாறவும் உரிமை உண்டு. காலை எடுத்துவிட்ட பிறகு அவன் பாத்திரமல்ல, பாரம். பாரத்தைப் பற்றிக் கணக்குத்தான் போடலாம்; கதை எழுத முடியாது.

இனி படங்களுக்கு வரலாம்.

1912-இல் குதித்தவர் ஒரு தையற்காரர். பெயர் ஃப்ரான்ஸ் ரைகெல்ட். ஆஸ்திரியப் பேரரசின் பொஹீமியாவில் பிறந்து, பாரிஸுக்கு வந்து, பெண்களுக்கு உடை தைத்துப் பிழைத்தவர். ஆகாய விமானங்கள் விழுந்து விமானிகள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. விமானி சட்டையைப்போல் உடம்பிலேயே போட்டுக்கொள்ளக்கூடிய, விழுகிறபோது விரிந்து தாங்கக்கூடிய ஓர் உடையைத் தைத்துவிட வேண்டுமென்று அவருக்கு ஆசை பிறந்தது. பொம்மைகளுக்குப் போட்டு மாடியிலிருந்து போட்டுப் பார்த்தார். அணியக்கூடிய அளவுக்கு உடையைச் சுருக்கியபோது பொம்மைகள் விழுந்து நொறுங்கின. உயரம் போதாததுதான் காரணம் என்று அவர் முடிவு கட்டினார். ஐஃபல் கோபுரத்தைக் கேட்டு விண்ணப்பம் போட்டார். பொம்மையைத்தான் போடப் போகிறார் என்று நினைத்துப் போலீசார் அனுமதி கொடுத்தார்கள்.

ஐஃபல் கோபுரத்தை ஏதோ வேடிக்கைக் கட்டடம் என்று நினைத்துவிடக் கூடாது. 1889-இல் கண்காட்சிக்காக எழுப்பிய அதற்கு 20 வருஷ அனுமதிதான் இருந்தது. பிரித்துப் போட்டுவிடாமல் அதைப் பிழைக்க வைத்தவற்றில் முக்கியமானது கம்பியில்லாத் தந்தி. அதன் உயரம் ஆன்டெனாவுக்கு உதவும் என்று தெரிந்ததால் கோபுரம் தப்பித்தது. ஆக, சிறகு போன்ற ஓர் உடையுடன் ஆன்டெனா கோபுரத்திலிருந்து குதித்த முதல் மனிதர்களின் வரிசையில் இந்தத் தையற்காரரைத் தாராளமாக வைக்கலாம்.

1912 பிப்ரவரி 4-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை. குளிர். காற்று. முதல் தளத்தில், தரையிலிருந்து 57 மீட்டர் உயரத்தில், மேஜையின்மேல் ஸ்டூல் போட்டு அதன்மேல் ஏறி ஒரு காலைக் கைப்பிடிச் சுவரில் வைத்துக்கொண்டு ரைகெல்ட் நிற்கிறார். பொம்மை இல்லை, தாமே குதிக்கப் போவதாகக் கோபுரத்துக்கு வந்த பிறகுதான் சொன்னார். நண்பர்கள் தடுத்தும் கேட்கவில்லை. மேலே ஒரு காமிரா, கீழே ஒரு காமிரா.

இங்கேதான் அந்தச் செய்திப் படம் ஓர் அபூர்வமான காரியத்தைச் செய்கிறது. அவர் தயங்குவதை வெட்டாமல் காட்டுகிறது. குனிந்து பார்க்கிறார். நிமிர்கிறார். மறுபடி குனிகிறார். உடம்பு முன்னே போகிறது, பின்னே வருகிறது. சுமார் 40 விநாடிகள். அந்த 40 விநாடிகளில் ஒரு நாவல் இருக்கிறது. ஊசியும் நூலுமாக உட்கார்ந்த இரவுகள், நொறுங்கிய பொம்மைகள், பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லியனுப்பிய வீறாப்பு எல்லாம் அந்த முன்னும் பின்னுமான அசைவில் இருக்கின்றன. அவர் கீழே இறங்கிவிடலாம். ஸ்டூல் இருக்கிறது, மேஜை இருக்கிறது, படிக்கட்டு இருக்கிறது. ஆனால் காமிராவும் இருக்கிறது. இறங்கினால் மறுநாள் ஊர் சிரிக்கும். என் அபிப்பிராயத்தில், காலையில் அவர் காலடியில் இருந்த படிக்கட்டை எடுத்துவிட்டது அந்தக் காமிராதான்.

பிறகு நடந்தது நான்கு விநாடி விஷயம். உடை விரியவில்லை. அதற்குப் பின்னும் படம் நிற்கவில்லை. உறைந்த தரையில் அவர் விழுந்த பள்ளத்தை மனிதர்கள் அளவுகோல் வைத்து அளக்கிறார்கள். பொம்மை விழுந்தபோதே அளந்து பார்த்திருக்க வேண்டிய கணக்கை மனிதன் விழுந்த பிறகு அளக்கிறார்கள். எந்த நாவலாசிரியனாவது இப்படி ஒரு முடிவை எழுதினால், 'மிகைப்படுத்திவிட்டான்' என்று நாம் சொல்வோம். அந்தப் படத்தை எடுத்தவர்களுக்குக் கலை நோக்கம் எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. கத்தரிக்கத் தோன்றாததால்தான் அது கலையாகிவிட்டது.

ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதற்கு இரண்டே நாள் முன்னால், பிப்ரவரி 2-ஆம் தேதி, நியூயார்க்கில் ஃப்ரெடெரிக் லா என்பவர் சுதந்திர தேவி சிலையின் தீவட்டியிலிருந்து பாராசூட்டில் குதித்து, உயிரோடு நடந்து போனார். அதையும் படம் பிடித்தார்கள். வேலை செய்கிற பாராசூட்டுடன் குதித்தவரை உலகம் மறந்துவிட்டது. வேலை செய்யாத உடையுடன் குதித்தவரை நூறு வருஷத்துக்கு மேலாக நினைவு வைத்திருக்கிறது. ரசிகர்களாகிய நம்முடைய ருசியைப் பற்றி இது என்ன சொல்லுகிறது என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

அடுத்தது 'தி ஜிப்ஸி மாத்ஸ்'. ஜான் ஃப்ராங்கன்ஹைமர் டைரக்ட் செய்தது. பர்ட் லங்காஸ்டர், டெபோரா கெர், ஜீன் ஹாக்மன் நடித்தது. ஊர் ஊராகப் போய் ஆகாயத்திலிருந்து குதித்துக் காட்டிப் பிழைக்கிற மூவர், கான்ஸாஸ் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றுக்கு வருகிறார்கள். மூவரில் இளையவனுடைய அத்தை வீட்டில் தங்குகிறார்கள். மூத்தவன் ரெட்டிக்குக்கும் அந்த வீட்டு அம்மாளுக்கும் நடுவே ஒரே இரவில் ஓர் உறவு ஏற்படுகிறது. தன்னோடு வந்துவிடும்படி அவன் கேட்கிறான். அவள் மறுக்கிறாள். மறுநாள் சிறகு உடையைப் போட்டுக்கொண்டு விமானத்திலிருந்து குதிக்கிற ரெட்டிக், பாராசூட்டை விரிக்கவே இல்லை.

அந்தச் சிறகு வித்தை டைரக்டரின் கற்பனை அல்ல. 1930-களிலிருந்து விமானக் கண்காட்சிகளில் உண்மையாகவே நடந்துவந்தது. கேன்வாஸ் சிறகு கட்டிக்கொண்டு பறந்த அமெரிக்க இளைஞர் கிளெம் ஸோன் 1937-இல் பாரிஸுக்கு அருகே வான்ஸேனில் ஜனத்திரளின் கண்ணெதிரே விழுந்து இறந்தார். மரச் சிறகுகளுடன் பறந்து காட்டிய பிரெஞ்சுக்காரர் லியோ வாலெந்தான் 1956-இல் லிவர்பூலில் இறந்தார். ரெட்டிக் இவர்களுக்கெல்லாம் வாரிசு.

படம் வெகு நிதானமாகப் போகிறது என்று ஒரு குறை சொல்லுவதுண்டு. அதையே நான் அதன் பெருமையாக நினைக்கிறேன். பாதிப் படம் ஒரு நடுத்தர வர்க்கத்து வீட்டின் கூடத்திலும் தாழ்வாரத்திலும் நடக்கிறது. பெரியவர்கள் பேசாமல் இருக்கிறார்கள். விளக்கை அணைக்கிறார்கள். குதிப்பதற்கான ஆயத்தம் விமானத் தளத்தில் நடக்கிறதென்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, அது இந்த வீட்டுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. டைரக்டருக்கு இது தெரிந்திருக்கிறது.

அவர் தவறுவது வேறோர் இடத்தில். 'ரெட்டிக் ஏன் கயிற்றை இழுக்கவில்லை?' என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல் விட்டது நல்ல காரியம். ஆனால் அதற்கு முந்தின இரவில் அந்த அம்மாள் மறுத்ததாக வைத்துவிட்டார். உடனே ரசிகன், 'ஓகோ, காதல் தோல்வி' என்று ஒரு சீட்டை எழுதி அந்த மனிதன்மேல் ஒட்டிவிடுகிறான். திறந்து வைத்த கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு மறித்தாற்போல் ஆகிவிட்டது. மறுப்பு ஒரு நாள் முன்னால் நடந்திருந்தால், அதற்குப் பிறகு அவன் சாதாரணமாக ஒரு தடவை குதித்து இறங்கியிருந்தால், மர்மம் இன்னும் ஆழமாக இருந்திருக்கும். மனிதன் ஒரே காரணத்துக்காகச் சாவதில்லை. ஒரே காரணத்துக்காகப் பிழைப்பதும் இல்லை.

ஆனால் அதற்குப் பின்வரும் பகுதி அபாரம். செத்தவனுடைய அடக்கச் செலவுக்குப் பணம் திரட்ட, இளையவன் அதே வித்தையைச் செய்ய முன்வருகிறான். அவனும் கீழே, கீழே வருகிறான். கடைசிக் கணத்தில் கயிற்றை இழுக்கிறான். ஏணி இல்லாத ஆகாயத்திலும் ஓர் ஏணியைக் கண்டுபிடித்துவிடுகிறான். திரும்பி வருவதும் ஒரு வீரம் என்று துணிந்து சொன்ன சாகசப் படம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அந்தப் படத்தின் ஆகாயக் காட்சிகளைத் தலையில் காமிராவைக் கட்டிக்கொண்டு குதித்துப் படம் பிடித்தவர்களில் ஒருவர் கார்ல் பேனிஷ். மூன்றாவது படமான 'ஸன்ஷைன் சூப்பர்மேன்' அவரைப் பற்றியது. எஞ்சினியர் உத்தியோகத்தை விட்டுவிட்டு ஆகாயப் படப்பிடிப்பையே தொழிலாகக் கொண்டவர். 1978-இல் கலிபோர்னியாவின் எல் கபிடான் பாறையிலிருந்து நண்பர்களைக் குதிக்கச் செய்து படம் எடுத்தார். அவரும் அவர் மனைவி ஜீனும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து இந்த வித்தைக்கு 'பேஸ்' என்று பெயர் வைத்தார்கள். கட்டடம், ஆன்டெனா, பாலம், பூமி என்ற நான்குக்கும் உரிய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்த பெயர். நான்கிலிருந்தும் குதித்தவருக்கு ஒரு வரிசை எண் உண்டு. 1981-இல் முதல் நான்கு எண்களும் இந்த நால்வருக்குக் கிடைத்தன. மூன்றாவது எண் ஜீனுக்கு, கார்லுக்கு நான்காவது.

மாரா ஸ்ட்ராச் என்ற அம்மாள் இதை டைரக்ட் செய்திருக்கிறார். பேனிஷ் எடுத்து வைத்திருந்த பழைய படச் சுருள்கள் அவருக்குப் பெரும் புதையலாக அமைந்துவிட்டன. அவற்றின் அழகைப் பற்றி இரண்டாம் பேச்சே இல்லை. சிரித்த முகமும் குழந்தை உற்சாகமுமாகக் கார்ல் நம்மைக் கொள்ளை கொள்ளுகிறார். பக்கத்தில் மூக்குக் கண்ணாடியும் அடக்கமான குரலுமாக, புத்தகசாலையில் பார்க்கத் தக்கவராக ஜீன். இந்த இரண்டு பேரும் எப்படி ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள் என்ற ஆச்சரியத்திலேயே முக்கால் படம் இனிமையாகப் போய்விடுகிறது.

என் குறை இதுதான். படம் அவர்களுடைய மகிழ்ச்சியை நம்பிவிட்டது; அவர்களுடைய வேலையைப் பார்க்கவில்லை. மனத்தில் நிற்பவை மலைகளும் கட்டடங்களும்தான். நான்கில் ஒன்றான ஆன்டெனா கோபுரம், அழகில்லாத அந்த இரும்புக் கம்பு, மங்கிவிடுகிறது. கோபுரத்தில் பாறையின் கம்பீரம் இல்லை, நகரத்தின் விளக்கு வரிசை இல்லை. ஏணியும் வடமும் காற்றும்தான் இருக்கின்றன. ஆயத்தத்தைத் தவிரக் காட்டுவதற்கு அங்கே வேறொன்றும் கிடையாது. அதனாலேயே அங்கேதான் காமிரா நின்றிருக்க வேண்டும் என்கிறேன்.

இந்தக் குறை படத்தின் முடிவில் பெரிதாகிவிடுகிறது. 1984 ஜூலையில் கார்லும் ஜீனும் நார்வேயின் 'ட்ரோல் சுவர்' என்ற மலைச் சரிவிலிருந்து குதித்து உலக சாதனை ஏற்படுத்தினார்கள். டெலிவிஷன் நிகழ்ச்சி ஒன்றுக்காக அதைப் படம் பிடித்தார்கள். சாதனைக்குப் பிறகு, ஜூலை 7-ஆம் தேதி, கார்ல் அதே மலையின் வேறொரு முனைக்குப் போய், அங்கிருந்து குதித்து இறந்தார். எதிலும் கணக்குப் பார்த்துக் குதித்த மனிதர், சாதனை கையில் வந்த பிறகு, அந்த இடத்திற்கு ஏன் போனார்? அந்தக் காலையின் ஆயத்தம் எப்படி இருந்தது? படம் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மேகத்தைக் காட்டி, சங்கீதத்தைக் கூட்டிவிடுகிறது. துக்க வீட்டில் மரியாதை காட்டுவது சரி. ஆனால் மரியாதை வேறு, மழுப்பல் வேறு. சில நாட்களுக்குள் ஜீன் அதே மலைக்குத் திரும்பிப் போய்க் குதித்தார் என்பதையும் படம் ஒரு காதல் காவியத்தின் கடைசிச் செய்யுளைப்போல் சொல்லுகிறது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தால் எனக்குக் காவியம் தோன்றவில்லை. பாராசூட்டை மடிப்பு மடிப்பாக அடுக்கி, கயிறுகளை நீவி, காற்றைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு குதித்த ஒரு வேலைக்காரியின் முகம் அது. அந்த ஆயத்தத்தைக் காட்டியிருந்தால் அவருடைய துக்கம் நமக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

'ஆயத்தம், ஆயத்தம் என்கிறீரே, ஆயத்தமாக இருந்தவர்கள் சாகவில்லையா?' என்று கேட்கலாம். செத்திருக்கிறார்கள். இன்றைய சிறகு உடைக்கு வடிவம் கொடுத்தவர்களில் தலைசிறந்தவர் பிரெஞ்சுக்காரரான பாட்ரிக் தெ கயார்தோன். அவரைவிட ஆயத்தமானவர் அந்த நாளில் கிடையாது. 1998-இல் ஹவாய்த் தீவில், தம்முடைய பாராசூட் பையில் தாமே செய்துகொண்ட ஒரு மாற்றத்தில் நேர்ந்த பிழையால் இறந்தார். தையற்காரர் ரைகெல்ட்டிலிருந்து கயார்தோன் வரையில் 86 வருஷம்; ஆனாலும் ஒரு தையலின் விலை அதே உயிர்தான். ஆயத்தம் சாவை விலக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆயத்தத்தைப் பார்த்தால்தான் சாவையும் பிழைப்பையும் மனிதனுடைய காரியங்களாக நாம் புரிந்துகொள்ள முடியும். இல்லாவிட்டால் இரண்டும் வெறும் அதிர்ஷ்டமாகவோ, வெறும் பைத்தியமாகவோ தெரியும். இவர்களைப் பைத்தியம் என்று ஒதுக்குகிறவர்களும், வீரர்கள் என்று மாலை போடுகிறவர்களும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். இரு சாராரும் ஏணியைப் பார்க்கவில்லை.

1912-இல் காமிரா மனிதனுக்கு வெளியே இருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று. 1969-இல் அது பேனிஷின் தலைக்கு ஏறியது. இன்று குதிக்கிற ஒவ்வொருவன் தலையிலும் இருக்கிறது. பாரிஸில் அந்தக் காலையில் கூடிய கூட்டம் இப்போது இரவில் தனியாகக் கோபுரம் ஏறுகிற இளைஞனோடு கூடவே ஏறுகிறது. காற்று சரியில்லை என்று அவனுக்குத் தெரிகிறபோது, இறங்கிவிடலாம் என்று அவன் நினைக்கிறபோது, அந்தக் கூட்டம் அவன் காதருகில் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் நாமும் இருக்கிறோம். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு 'அடேயப்பா' சொல்லக் காத்திருக்கிறோம்.

எனக்கு ஒரு படம் பார்க்க ஆசை. ஓர் ஆள் இரவு முழுவதும் கோபுரம் ஏறுகிறான். உச்சியில் விடியலுக்குக் காத்திருக்கிறான். ஒரு மெல்லிய காகிதத்தைக் கிழித்துக் காற்றில் விடுகிறான். அது போகக் கூடாத பக்கம் போகிறது. இன்னொன்றை விடுகிறான். அதுவும் அப்படியே. உடையின் கொக்கிகளைக் கழற்றி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, படி படியாக இறங்கி வருகிறான். கீழே வந்ததும் பசிக்கிறது. ஒரு கடை தேடிப் போகிறான். இந்தப் படத்துக்கு டிக்கெட் விற்காது என்று வியாபாரிகள் சொல்லுவார்கள். விற்காமல் போகட்டும். அதைக் கண்கொட்டாமல் பார்க்கிற ரசிகர்கள் கொஞ்சம் பேர் சேர்ந்துவிட்டால், நல்ல கதையைப் படிக்கத் தெரிந்தவர்களும் அந்த அளவுக்குச் சேர்ந்துவிட்டார்கள் என்று நான் வைத்துக்கொள்வேன்.